வலியை ரசிக்கலாமா?

சண்டைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொட்டகையிலிருந்து வெளியே வருகிறவர்களின் பேச்சைச் சற்றே காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். படத்தைப் பற்றித் தெரிகிறதோ இல்லையோ, மனிதர்களைப் பற்றி நிறையத் தெரியும். 'அடடா, என்ன அடி! என்ன வேகம்!' என்று ஒருவர் கண்கள் பளபளக்கச் சொல்லுகிறார். 'கதை என்று ஒன்று இருந்தால்தானே ஐயா? இதற்கா டிக்கெட் வாங்கினோம்!' என்று இன்னொருவர் சலித்துக்கொள்கிறார். மூன்றாமவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'எனக்கு வயிற்றைப் புரட்டுகிறது. மனிதனை மனிதன் இப்படியா அடிப்பான்?' என்கிறார். மூவரும் பார்த்தது ஒரே படம். உட்கார்ந்திருந்தது ஒரே வரிசை. ஆனாலும் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு ஊர்களுக்குப் போய்த் திரும்பியவர்களைப் போலப் பேசுகிறார்கள்.

இந்த மூன்று அபிப்பிராயங்களும் மிகக் கூர்மையாக மோதிக்கொண்ட படம் ஒன்று உண்டு. இந்தோனேஷியாவில் எடுக்கப்பட்ட 'தி ரெய்டு'. அந்த நாட்டு மொழியில் அதன் பெயர் 'செர்புவான் மாவுத்'. மரணத் தாக்குதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். பெயரிலேயே ஒளிவு மறைவு இல்லை.

படத்தை எடுத்தவர் கரெத் எவன்ஸ் என்ற வேல்ஸ் தேசத்துக்காரர். 'பென்சாக் சிலாட்' என்னும் இந்தோனேஷியத் தற்காப்புக் கலையைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கப் போன இடத்தில் அந்தக் கலை அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஈக்கோ உவைஸ் என்ற இளைஞரைக் கண்டார். சிறு வயதிலிருந்தே சிலாட் பயின்றவர் அவர். அவரைக் கதாநாயகனாக்கி 2009இல் 'மெரான்டாவ்' என்ற படத்தையும், 2011இல் 'தி ரெய்டு' படத்தையும் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆன செலவு சுமார் 11 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது கைச்செலவுக் காசு.

கதையை நான்கு வரியில் சொல்லிவிடலாம். ஜகார்த்தாவில் ஒரு பல மாடிக் கட்டிடம். அது முழுவதும் ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவனின் பிடியில் இருக்கிறது. விடியும் வேளையில் இருபது பேர் கொண்ட போலீஸ் படை அதற்குள் நுழைகிறது. சில மாடிகள் ஏறியதும் அகப்பட்டுக்கொள்கிறது. தலைவன் ஒலிபெருக்கியில் குடியிருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்புச் செய்கிறான்: உள்ளே புகுந்த இவர்களை ஒழித்துக் கட்ட உதவுகிறவர்கள் இனி என்றென்றும் வாடகையில்லாமல் இங்கே குடியிருக்கலாம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு துப்பாக்கி, கத்தி, வெட்டரிவாள், கடைசியில் வெறும் கை கால்கள். சுமார் நூறு நிமிஷத்துக்கு மூச்சு விட நேரமில்லை.

2011 செப்டம்பரில் டொரான்டோ திரைப்பட விழாவில் நள்ளிரவுக் காட்சிகளுக்கான பிரிவில் இந்தப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்தப் பிரிவில் பார்வையாளர்களே வாக்களித்துக் கொடுக்கும் பரிசையும் பெற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கொட்டகைகளுக்கு வந்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சினிமா விமர்சனம் எழுதி வந்த ரோஜர் எபர்ட், நான்கு நட்சத்திரங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். இதில் மனிதர்கள் இல்லை, உரையாடல் இல்லை, அடியும் கொலையும் மட்டுமே இருக்கின்றன என்பது அவருடைய குறை. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 'வயதாகிவிட்டது, இவருக்கு என்ன தெரியும்?' என்ற தொனியில் பேச்சு எழுந்தது. தம் கருத்தை விளக்கி அவர் மறுபடியும் எழுத நேர்ந்தது.

ஒரு சண்டைப் படத்துக்காக இத்தனை சண்டையா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் கிடக்கும் கேள்வி சின்னக் கேள்வி அல்ல. இன்னொரு மனிதனின் வலியை நாம் ரசிக்கலாமா? அந்த வலி பொய் வலி என்று தெரிந்திருந்தால் போதுமா?

முதலில், ரசித்தவர்களின் கட்சியைக் கேட்போம். 'இது நடிப்பு. யாரும் சாகவில்லை. நாங்கள் ரசிப்பது கொடுமையை அல்ல, திறமையை' என்பது அவர்கள் வாதம். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நேரில் கண்டால் மனம் நோகும் காட்சிகளையும் அச்சாக வரைந்து காட்டும்போது மனிதன் மகிழ்ச்சியோடு பார்க்கிறான் என்று அரிஸ்டாட்டில் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். பிணத்தின் உருவம்கூட அதற்கு விலக்கல்ல என்பது அவர் கருத்து. இதைப் பார்த்து நாம் எதையோ தெரிந்துகொள்கிறோம், தெரிந்துகொள்வதில் ஓர் இன்பம் உண்டு என்று அவர் காரணமும் சொன்னார்.

இந்தப் படத்தின் திறமைக்குப் பின்னால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. திரையில் கதாநாயகனாக வருகிற ஈக்கோ உவைஸும், 'வெறிநாய்' என்ற பட்டப்பெயரோடு கொலைகாரனாக வருகிற யாயன் ருஹியானும் சேர்ந்துதான் இதன் சண்டைகளை அமைத்தார்கள். திரையில் ஒருவரையொருவர் கொல்லத் துடிக்கும் இருவரும், திரைக்கு வெளியே, அடுத்தவன் எலும்பு முறியாமல் எப்படி அடிப்பது என்று கூடிப் பேசியவர்கள். அடிப்பது போல் அடிப்பதற்கு உண்மையாக அடிப்பதைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும். கால் எத்தனை அங்குலத்தில் நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும், எதிராளி எப்படி விழுந்தால் அவன் முதுகு தப்பும் என்பதையெல்லாம் கணக்கிட வேண்டும். எதிரே நிற்பவனின் உடம்பின் மேல் ஒரு தாய்க்கு இருக்கிற கவனம் இருந்தால்தான் அவனை இவ்வளவு பயங்கரமாக 'அடிக்க' முடியும்.

சிலாட் என்ற கலையே இந்தக் கட்டுப்பாட்டில் பிறந்ததுதான். அது வெறும் மல்யுத்தம் அல்ல. வணக்கத்தில் தொடங்குகிறது, சில இடங்களில் இசையோடு நிகழ்கிறது, உடம்பைப் போலவே மனத்தையும் பழக்க வேண்டும் என்று சொல்கிறது. 2019இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ அதைச் சேர்த்தபோது இந்தக் குணங்களுக்கும் சேர்த்தே மதிப்புக் கொடுத்தது. ஆகவே திறமையை ரசித்தோம் என்று சொல்லுகிறவர்களை உடனே கொடியவர்கள் என்று முத்திரை குத்துவது நியாயமாகாது. கழைக்கூத்தாடியைப் பார்த்துக் கை தட்டுகிறவன் அவன் விழுந்து சாக வேண்டும் என்றா நினைக்கிறான்?

ஆனால், அந்த உவமையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கழைக்கூத்தாடி தவறி விழுந்தால் நாம் பதறுவோம். இங்கே ஒருவன் விழும்போதுதான் நாம் கை தட்டுகிறோம். திறமையை மட்டும் ரசிக்கிறோம் என்பது உண்மையானால், அடி தவறிய இடத்திலும் அதே திறமைக்குக் கை தட்டல் கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. எலும்பு ஒடியும் சத்தம் கேட்கும் இடத்தில்தான் கொட்டகை ஆரவாரம் செய்கிறது. திறமையை ரசிக்கிறோம் என்பது உண்மைதான். அதுவே முழு உண்மை என்று சொன்னால்தான் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

இரண்டாவது கட்சி, கதை இல்லை என்று குறைபட்டவர்களுடையது. கதை எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் நான் இவர்கள் பக்கம்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதை சிறியதாக இருப்பது ஒரு குற்றமல்ல. ஒரு வீடு, ஓர் இரவு, ஒரு கதவு — இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய காவியம் செய்யலாம். இந்தப் படத்திலும் கதைக்கு வேண்டிய விதைகள் தூவப்பட்டிருக்கின்றன. நாயகன் காலையில் எழுந்து தொழுகை செய்கிறான். உடற்பயிற்சி செய்கிறான். கர்ப்பிணியான மனைவியிடம் விடைபெறுகிறான். தன் அண்ணனை வீட்டுக்குத் திருப்பி அழைத்து வருவதாகத் தகப்பனாரிடம் வாக்களிக்கிறான். அந்த அண்ணன் இருப்பதோ எதிரியின் பக்கத்தில், அதே கட்டிடத்தில். இதைவிடப் பெரிய கதை வேண்டுமா?

குறை கதையில் இல்லை. கதையில் மனிதர்களாக எண்ணப்பட்டவர்களின் தொகையில்தான் இருக்கிறது. நாயகனுக்கு மனைவி உண்டு, பிறக்கப்போகும் குழந்தை உண்டு, தகப்பன் உண்டு, அண்ணன் உண்டு. அவன் கையால் விழுகிறவர்களுக்கு ஒருவரும் இல்லை. பெயர்கூட இல்லை. மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டவனுக்கும் வெட்டரிவாளோடு ஓடி வந்தவனுக்கும் காலையில் காப்பி போட்டுக் கொடுத்தவள் யார்? வாடகை மிச்சமாகும் என்ற ஒரே ஆசைக்காக உயிரைப் பணயம் வைத்து ஓடி வந்திருக்கிறானே, அவன் எத்தனை மாத வாடகை பாக்கி வைத்திருந்தான்? படம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மால் கை தட்டியிருக்க முடியாது.

மூன்றாவது, முகத்தைச் சுளித்தவர்களின் கட்சி. இவர்களே நல்லவர்கள் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அதிலும் அவசரப்படக் கூடாது. பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் லியோன்டியஸ் என்று ஒருவனைக் கொண்டுவருகிறார். கோட்டைச் சுவரின் ஓரமாக நடந்து வருகையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் பிணங்கள் கிடப்பதை அவன் காண்கிறான். பார்க்க ஆசையாகவும் இருக்கிறது, அருவருப்பாகவும் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மனத்தோடு போராடுகிறான். கடைசியில் தோற்றுப் போய், கண்களை அகல விரித்துக்கொண்டு பிணங்களை நோக்கி ஓடித் தன் கண்களையே திட்டுகிறான். முகம் சுளித்துக்கொண்டே முடிவு வரை உட்கார்ந்திருந்த நம் மூன்றாம் நண்பருக்கும் இவனுக்கும் தூரத்துச் சொந்தமாவது இருக்கத்தான் வேண்டும். அருவருப்பு ஒன்றே அறமாகிவிடாது.

இன்னொரு விஷயத்தையும் இவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். வேறு சில படங்களில் நாயகன் தலைமயிர் கலையாமல் பத்துப் பேரைப் பந்தாடுவான். அடி வாங்கியவர்கள் பூச்செடிக்கு அப்பால் போய் விழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடுவார்கள். ரத்தம் கிடையாது, முனகல் கிடையாது. குடும்பத்தோடு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்ப்போம். நம் மனச்சாட்சிக்கு ஒரு கீறலும் விழாது. நான் கேட்கிறேன்: இந்த இரண்டில் எது பெரிய பொய்? அடித்தால் வலிக்கும் என்று சொல்லுகிற படமா, அடித்தால் வலிக்காது என்று சொல்லுகிற படமா? 'தி ரெய்டு' படத்தின் நாயகன் களைத்துப் போகிறான். மூச்சு வாங்குகிறது. உடம்பெல்லாம் காயம். கடைசிச் சண்டையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தும் அந்த ஒற்றை மனிதனை வீழ்த்த முடியாமல் திணறுகிறார்கள். ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கஷ்டமான, அசிங்கமான காரியம் என்று அந்த நிமிஷங்கள் சொல்லுகின்றன. இந்த அளவில், சுத்தமான சண்டைப் படங்களைவிட இந்த முரட்டுப் படம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. உடம்பின் உண்மையைச் சொல்லிவிட்டது. உயிரின் உண்மையைத்தான் நாயகனோடு நிறுத்திக்கொண்டது.

ஆக, மூன்று கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது?

நான்காம் நூற்றாண்டில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. அகஸ்டின் தம் வாழ்க்கை வரலாற்றில் நண்பர் அலிப்பியஸைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமாபுரியில் சட்டம் படிக்க வந்தவர் அலிப்பியஸ். மனிதர்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் அரங்கை அடியோடு வெறுத்தவர். நண்பர்கள் ஒருநாள் அவரை வலுக்கட்டாயமாக இழுத்துப் போனார்கள். 'என் உடம்பைத்தானே இழுத்துப் போகிறீர்கள், என் மனத்தை இழுக்க முடியாது' என்ற துணிவோடு போய், கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களத்தில் ஒருவன் விழுந்தான். கூட்டம் ஒரே குரலாகக் கூச்சலிட்டது. கண்ணை மூடியவர் காதை மூட மறந்திருந்தார். என்னதான் நடந்தது என்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான், அந்தக் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார். அவரும் கூவினார், கொதித்தார். பிறகு தாமே மற்றவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போகிறவரானார். அதிலிருந்து அவர் மீண்டது வெகு காலம் கழித்து.

அலிப்பியஸைத் தோற்கடித்தது எது? அவர் கண்ட ரத்தம் அல்ல. அதற்கு முன்பே காதில் விழுந்த கூச்சல். தனியாக ஒரு மனிதன் விழுவதைப் பார்த்தால் ஓடிப் போய்த் தூக்கக் கூடியவர்தான் அவர். ஆயிரம் பேர் கூவும்போது அந்தக் கை எழவில்லை. ரோமாபுரியில் செத்தவர்கள் உண்மையாகவே செத்தார்கள்; திரையில் சாகிறவர்கள் மறுநாள் எழுந்து வேறு படத்தில் நடிக்கப் போகிறார்கள். இந்த வித்தியாசம் மிகப் பெரியது. அதை மறைத்துப் பேசுவது தவறு. ஆனால் பார்க்கிறவன் மனத்தில் நிகழும் மாறுதல் மட்டும் இரண்டு இடத்திலும் ஒரே ஜாதிதான். எபர்ட்டுக்குப் படம் பிடிக்கவில்லை என்றதும் எழுந்த கோபத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 'எனக்குப் பிடித்தது' என்று சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. 'உனக்கு ஏன் பிடிக்கவில்லை?' என்று உறுமும்போது, நாம் ரசிகர்கள் என்ற நிலையிலிருந்து கூட்டம் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறோம்.

தமிழில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார். அஞ்சாமையை அவர் கல்வியோடும் புகழோடும் கொடையோடும் சேர்த்துப் பெருமிதத்தில் வைத்தார். உறுப்பைச் சிதைப்பதும் கொலையும் வெகுளியைப் பிறப்பிப்பன என்றார். விளையாட்டை உவகையில் வைத்தார். மூன்றுக்கும் தனித்தனி அறை. ஒரு சண்டைக் காட்சியைப் பார்த்துவிட்டு நம் மனத்தைத் தொட்டுப் பார்க்கலாம். நாயகன் தனியாக நின்று அஞ்சாமல் போராடினான், அதனால் பெருமிதம் வந்தது என்றால் சரி. நிரபராதி வெட்டுண்டான், கோபம் வந்தது என்றால் அதுவும் சரி. கொலையைக் கண்டு உவகை வந்தது என்றால், கொலை எப்போது விளையாட்டாயிற்று என்று நின்று யோசிக்க வேண்டிய இடம் அது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் படத்தில் என் மனத்தில் தங்கிய ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். படத்தின் சண்டைகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களிடையே இதைப் பற்றிய பேச்சை அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டிடத்தில் கோஃபார் என்று ஒரு குடித்தனக்காரன் இருக்கிறான். கொள்ளைக்காரன் அல்ல. நோயாளி மனைவிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது போலீஸ் படையிடம் அகப்பட்டுக்கொள்கிறான். மற்றவர்கள் அவனைத் தடுக்க, நாயகன் மட்டும் மருந்து கொண்டுபோக இடம் கொடுக்கிறான். பின்னால் அதே நாயகன், காயம் பட்ட தோழனைத் தாங்கிக்கொண்டு அவன் கதவைத் தட்டுகிறான். திறந்தால் ஆபத்து. திறக்காவிட்டால் ஆயுள் முழுவதும் வாடகை இல்லை. கோஃபார் கதவைத் திறக்கிறான். இருவரையும் ஒரு சுவருக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். தேடி வந்த கூட்டம் அந்தச் சுவருக்குள் வெட்டரிவாளைச் செருகிச் செருகிப் பார்க்கிறது. கத்தி நாயகனின் கன்னத்தைக் கிழிக்கிறது. வெளியே இழுக்கும்போது ரத்தம் காட்டிக் கொடுத்துவிடக் கூடாதே என்று அவன் அதைத் துடைத்துவிடுகிறான். இந்த இடத்தில் கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஆரவாரம் இல்லை. அடிபடுவானே என்ற பயம், பிழைக்க வேண்டுமே என்ற தவிப்பு.

கவனித்தீர்களா? அதே படம், அதே பார்வையாளர்கள், அதே வெட்டரிவாள். சற்றுமுன் எலும்பு முறிவுக்குக் கை தட்டிய அதே மனிதர்கள் இப்போது ஒரு கன்னத்துக் கீறலுக்குத் துடிக்கிறார்கள். சுவருக்குப் பின்னால் நிற்பவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும்; அவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரியும். அந்தக் கதவைத் திறந்தவனுக்கும் நோயாளி மனைவி ஒருத்தி இருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தவனுடைய வலியை யாராலும் ரசிக்க முடியாது. வலியை ரசிக்க வேண்டுமானால் முதலில் அந்த மனிதனைத் தெரியாதவனாக்க வேண்டும்.

எனவே, இப்படிப்பட்ட படங்களைத் தடை செய்துவிடலாமே என்ற யோசனை எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதன் இரண்டாம் பாகத்தை 2014இல் மலேசியா தடை செய்தது. தடையால் ஒரு படத்தை நிறுத்தலாம். தெரியாதவன் அடிபட்டால் கை தட்டும் வழக்கத்தை நிறுத்த முடியாது. அந்த வழக்கம் சினிமாவுக்கு முன்பே இருந்தது. பத்திரிகையில் பெயர் இல்லாமல் எண்ணிக்கையாக அச்சாகும் சாவுகளை நாம் காப்பியோடு சேர்த்து விழுங்குகிறோமே, அதுவும் அந்த வழக்கம்தான். திரையில் விழுகிறவன் நாளை எழுந்துவிடுவான். பத்திரிகையில் விழுந்தவன் எழுவதில்லை.

சண்டைப் படம் பார்க்கலாம். திறமையைக் கண்டு வியக்கலாம். கை தட்டக்கூடத் தட்டலாம். வீடு திரும்பும்போது ஒன்று மட்டும் நினைத்துப் பார்த்தால் போதும்: இன்று திரையில் விழுந்தவர்களில் ஒருவனுக்காவது என் மனத்தில் ஒரு பெயர் வைக்கத் தோன்றியதா? தோன்றியிருந்தால், எவ்வளவு முரட்டுப் படமானாலும் அது நம்மைக் கெடுத்துவிடவில்லை. தோன்றவில்லையென்றால், படத்தைக் குறை சொல்லுவதற்கு முன்னால் அந்தக் கட்டிடத்தின் ஒலிபெருக்கியை ஒரு தடவை நினைத்துக்கொள்ள வேண்டும். வாடகை இல்லாத வீடு என்ற அறிவிப்பு எல்லாக் கதவுகளுக்கும் கேட்டது. கேட்டும் ஆயுதத்தைத் தேடாமல், மனைவியின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான் ஒருவன். அவன் பெயரை நினைவு வைத்திருக்கிற பார்வையாளருக்கு அந்தப் படம் பார்த்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை.